டையோட்ரோப்பியம் இன்ஹேலர்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பக்கத்து வீட்டில் காய்ந்த மிளகாயை வறுத்தால் போதும், எனக்கு நெஞ்சு இறுகிவிடும். பல ஆண்டுகள் சிகரெட் பிடித்ததன் பலனாக வந்த சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய்க்காக, நுரையீரல் மருத்துவர் எழுதிக் கொடுத்த 18 மைக்ரோகிராம் டையோட்ரோப்பியம் காப்ஸ்யூலை நாளுக்கு ஒன்று வீதம் எட்டு மாதமாக உறிஞ்சி வருகிறேன்.

இந்த மருந்தின் அருமை தெரிய மிளகாய் நெடியிலிருந்தே தொடங்க வேண்டும். நெடியிலுள்ள கேப்சைசின் என்னும் காரப்பொருள், மூச்சுக்குழாய்ச் சுவரில் பரவியிருக்கும் சி-இழைகள் என்னும் மெல்லிய உணர்வு நரம்புகளைத் தூண்ட, அந்தச் செய்தி வேகஸ் நரம்பு வழியே மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு ஏறி, அதே வேகஸின் வேறு இழைகளில் கட்டளையாக இறங்கி வருகிறது. நரம்பு நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள், குழாயைச் சுற்றியுள்ள மென்தசையில் அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் எம்3 ஏற்பிகளில் சேர்ந்ததும் தசை சுருங்குகிறது. நெடி இல்லாத வேளையிலும் இந்த நரம்பு முற்றிலும் ஓய்வதில்லை. தசையை எந்நேரமும் லேசான இறுக்கத்திலேயே வைத்திருக்கிறது. ஆழமாக மூச்சிழுத்தால், நுரையீரல் விரிவதை உணரும் வேறு நரம்புகள் இந்த இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துகின்றன. நல்ல குழாய்க்கு இதெல்லாம் ஒரு பொருட்டே அல்ல. ஏற்கெனவே குறுகிப்போன என் குழாய்க்கோ அந்தச் சிறிய இறுக்கமே பெரும் பாரம்.

திடீர் இளைப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் தசையை நேரடியாகத் தளர்த்துகிறது. டையோட்ரோப்பியமோ நரம்பின் கட்டளை தசையைச் சேராமல் தடுக்கிறது. முன்பு நான் பயன்படுத்திய இப்ராட்ரோப்பியமும் இந்த வகைதான் என்றாலும், அது நான்கு முதல் ஆறு மணி நேரமே தாங்கும்; மேலும், அசிட்டைல்கோலின் அளவுமீறிச் சுரக்காமல் நரம்பு நுனியில் பிரேக் போடும் எம்2 ஏற்பியையும் சேர்த்தே அடைத்துவிடும். டையோட்ரோப்பியம் எம்2-ஐ விட்டு விரைவில் விலகி, எம்3-இல் நெடுநேரம் ஒட்டிக்கொள்வதால், காலையில் உறிஞ்சியது மறுநாள் காலை வரை நிற்கிறது. இப்போது இரண்டு மாடி ஏறினால் நடுவில் நிற்க வேண்டியிருப்பதில்லை. மிளகாய் நெடிக்கு இருமல் வரத்தான் செய்கிறது, ஆனால் அதைத் தொடர்ந்து வரும் இளைப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது.

(புதிய மருந்து என்று மலைக்க வேண்டாம். ஊமத்தையிலுள்ள அட்ரோப்பினும் இதே ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. இளைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்துதான் பிரிட்டனுக்குப் போனது.)

குறைகளில் முதலாவது, வாய் வறட்சி. உமிழ்நீர்ச் சுரப்பியும் அசிட்டைல்கோலினை நம்பியிருப்பதால் இது தவிர்க்க முடியாதது. முதல் இரண்டு மாதம் இரவில் தண்ணீர்ச் செம்பு இல்லாமல் படுக்க முடியவில்லை. புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபடுபவர்களும் கண் அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். என் பெரிய மனக்குறை விளக்கத்தாளைப் பற்றியது: பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது, மருந்துக் கடையிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. விளைவு, முதல் நாள் காப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டேன். அதைக் கருவியில் வைத்துத் துளையிட்டு, மெதுவாக, ஆழமாக உறிஞ்சும்போது உள்ளே கிர்ரென்று அதிரும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மருந்து சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். பொடி மிச்சமிருக்கும் என்பதால் அதே காப்ஸ்யூலை இரண்டாம் முறையும் உறிஞ்ச வேண்டும்.

இது நோயைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். ஏறக்குறைய 6,000 நோயாளிகளை நான்கு ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளிவந்த அப்லிஃப்ட் ஆய்வில், நோய் திடீரென முற்றும் தருணங்கள் குறைந்தனவே தவிர, நுரையீரலின் திறன் ஆண்டுதோறும் தேயும் வேகம் குறையவில்லை. திடீரென மூச்சு முட்டினால் உடனே கைகொடுக்கும் மருந்தும் இதுவல்ல. ஆகவே சால்பியூட்டமால் இன்ஹேலர் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.