“ஃபோன் ஆப் எல்லாம் இதுலயே ஓடுமுங்க” என்று சொல்லி 58,900 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

டெமோ மெஷினைப் பார்த்து லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். 2025 பிப்ரவரிக் கடைசியில், ஈரோட்டில் ஒரு பெரிய லேப்டாப் ஷோரூமில் என்னிடம் 58,900 ரூபாயைப் பொய் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. வேறு ஊர்களிலும் கிளை வைத்திருக்கும் கடை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நாங்கள் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். பெயிண்ட், பைப், கம்பி, ஆணி. ஸ்டாக், பில், யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் ஒரு ஃபோன் ஆப்பில் இருக்கிறது. அந்த ஆப் ஆண்ட்ராய்டில் மட்டும்தான், கம்ப்யூட்டருக்கு வரவில்லை. மதியம் கல்லாவில் அப்பா உட்காருவார். ஃபோனில் அந்தச் சின்ன எழுத்தை வைத்துக்கொண்டு அவர் படும் பாட்டைப் பார்க்க முடியாமல்தான் பெரிய திரையும் கீபோர்டும் வேண்டும் என்று கிளம்பினேன்.

கடையில் நான் முதலில் கேட்டதே இதைத்தான். “ஆண்ட்ராய்டு ஆப் லேப்டாப்ல ஓடுமா? அது ஓடலைன்னா எனக்கு லேப்டாப்பே வேண்டாம்.” அந்தப் பையன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “விண்டோஸ் 11-ல அந்த வசதி இருக்குதுங்கண்ணா, வாங்க காட்டறேன்” என்று மேசைமேல் இருந்த ஒரு மெஷினுக்குக் கூட்டிப்போனான். அதில் ஒரு ஃபோன் ஆப்பைத் திறந்தான். ஃபோன் அளவுக்கு ஒரு ஜன்னல் வந்தது. அதை இழுத்துப் பெரிதாக்கினான், மவுஸால் நகர்த்தினான், கீபோர்டில் என்னையே டைப் அடிக்கச் சொன்னான். எழுத்து அவ்வளவு பெரிதாக, தெளிவாக இருந்தது. அப்பா உட்கார்ந்து பில் போடுவது அப்படியே கண்முன் வந்தது. கண்ணால் பார்த்து, கையால் தொட்டுப் பார்த்த பிறகு வேறென்ன சாட்சி வேண்டும்?

நான் 40,000 ரூபாய்க்குள் பார்க்க வந்திருந்தேன். “இந்த வசதிக்கு 16 ஜிபி ரேம் இருந்தாத்தானுங்க நல்லா ஓடும்” என்று மேலே ஏற்றிவிட்டதும் அவன்தான். “உங்க பில் ஆப்பையும் நாங்களே போட்டுத் தந்தர்றோம்” என்றான். மேனேஜரும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். யுபிஐயில் 58,900 ரூபாய் கட்டினேன். பில்லில் இந்த வசதியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை.

சீல் பிரிக்காத புது மெஷின் வந்தது. ஆப்பைப் போட முடியவில்லை. “சர்வர் பிஸிங்க, விண்டோஸ் அப்டேட் முடிஞ்சதும் தானா வந்துரும்” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அப்டேட் எல்லாம் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தேடினால் அந்த வசதியே இல்லை.

அப்புறம் உட்கார்ந்து தேடிப் படித்ததும் வயிறு எரிந்தது. விண்டோஸில் ஆண்ட்ராய்டு ஆப் ஓடும் என்று மைக்ரோசாஃப்ட் 2021 ஜூன் 24 அன்று, விண்டோஸ் 11-ஐ அறிமுகப்படுத்திய நிகழ்ச்சியிலேயே அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபர் 5-ல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது இந்த வசதி அதில் இல்லை. 2022 பிப்ரவரியில்தான் அமெரிக்காவில் முன்னோட்டமாகப் பொதுமக்களுக்குக் கிடைத்தது. அதுவும் கூகுள் பிளே கிடையாது, அமேசான் ஆப்ஸ்டோரில் இருக்கும் ஆப்கள் மட்டும். 2024 மார்ச் 5 அன்று இதை நிறுத்தப் போவதாக அறிவித்துவிட்டார்கள். அதற்கு முன்பே போட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் 2025 மார்ச் 5 வரை பயன்படுத்தலாம் என்றார்கள். புதிதாக யாரும் போட முடியாது.

புரிகிறதா? எனக்குக் காட்டிய டெமோ மெஷினில் அது பழையபடி ஏற்கெனவே போட்டிருந்தது. அதனால் ஓடியது. எனக்கு விற்ற மெஷினில் அது வரவே வராது. அந்த அறிவிப்பு வந்து ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. தினமும் லேப்டாப் விற்கிறவர்களுக்கு இது தெரியாதா? டெமோ மெஷினுக்கே ஆயுள் சில நாள்தான் பாக்கி என்ற நிலையில் அதைக் காட்டி 58,900 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

திரும்பப் போனேன். அந்த மேசையில் டெமோ மெஷினைக் காணோம். பையன் “மேனேஜர்கிட்ட பேசுங்கண்ணா” என்றான். மேனேஜர் “அது சாஃப்ட்வேர் பிரச்சினை சார், நாங்க ஹார்டுவேர்தான் விக்கிறோம், கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க” என்றார். சர்வீஸ் சென்டரில் “மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்களே” என்று டோக்கனைக் கிழித்துப் போட்டார்கள். கடையின் தலைமை அலுவலக எண்ணுக்கு அடித்தால் “குறித்துக்கொண்டோம் சார்” என்பதோடு சரி. பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, பில்லுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார் மேனேஜர். கடைசியில், ஃபோன் மாதிரி இயங்கும் வேறொரு மென்பொருளைப் போட்டுத் தர 1,500 ரூபாய் ஆகும் என்றார்கள். 58,900 வாங்கியது போதாதென்று அதற்குமேல் 1,500!

மென்பொருள் நிறுவனங்கள் சொன்னதைக் கைவிடுவதும் புதிதில்லை. இதே ஆண்ட்ராய்டு ஆப் விஷயத்தை மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2015-ல் விண்டோஸ் ஃபோனுக்கு அறிவித்து 2016 பிப்ரவரியில் கைவிட்டார்கள். அதற்கும் முன்னால் வின்எஃப்எஸ். ஃபைல்களைத் தரவுத்தளம் போலத் தேடித் தரும் என்று 2003-ல் பெரிதாகக் காட்டிய சேமிப்பு முறை. 2004 ஆகஸ்டில், பின்னால் விண்டோஸ் விஸ்டா என்று வந்த பதிப்பிலிருந்து அதை எடுத்தார்கள், 2006 ஜூனில் மொத்தமாக மூடினார்கள். அவர்கள் அறிவித்துவிட்டாவது நிறுத்துகிறார்கள். அந்த அறிவிப்பை மறைத்து விற்கிற கடைக்காரரை என்ன சொல்வது?

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. டெமோ மெஷினில் ஓடுவதை நம்பாதீர்கள், உங்களுக்குத் தரப்போகும் மெஷினைப் பிரித்து அதில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் பணம் கொடுங்கள். “அப்டேட்டில் வரும்” என்றால் வாங்காதீர்கள். எந்த வசதிக்காக வாங்குகிறீர்களோ அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள், எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வசதியின் பெயரோடு ‘நிறுத்தம்’ என்று சேர்த்துக் கடையில் நின்றபடியே ஃபோனில் ஒரு முறை தேடுங்கள். ஏற்கெனவே மாட்டியவர்கள் 1915-க்கு அடியுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லாமலே வழக்குப் போடலாம். நான் பில், யுபிஐ ரசீது, ஸ்டோரில் அந்த வசதி இல்லாத ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். இதே போல ஈரோட்டில் வேறு யாரிடமாவது இந்த வசதியைச் சொல்லி விற்றிருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுப்போம்.