அப்பீல் வரைக்கும் போன விபத்து இழப்பீட்டு கேஸ்: வேலூர் சத்துவாச்சாரி வக்கீல் ஆபீஸ் எப்படி?

இன்சூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டுக்குப் போய்விட்டது, வேலூரில் யாரைப் பார்க்கலாம் என்று டிரைவர் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆபீஸ் பெயரைப் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்துகொள்ள பார் கவுன்சில் விதி இடம் தராது, அந்த ஆபீஸ் வக்கீல் மேடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நேரில் கேட்டால் சொல்கிறேன்.

நான் குடியாத்தம். ராணிப்பேட்டையிலிருந்து சென்னை துறைமுகத்துக்குத் தோல் லோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். 2021-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் விபத்து. வலது கணுக்கால் மடங்காமல் நின்றுவிட்டது. அப்போது எனக்கு வயது 40.

முதலில் வேறு ஒரு வக்கீலிடம் போனேன். உட்கார்ந்ததும் "வர்ற தொகையில இருபது பர்சென்ட்" என்றார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று வக்கீல் பேசக்கூடாது என்பதே விதி, ஆனாலும் ஊரில் சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். சத்துவாச்சாரி மேடம் பீஸை ஒரே தொகையாகச் சொல்லி, மூன்று தவணையாகப் பிரித்து, துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்கே ஒரு ஸ்டார்.

விபத்தில் மாட்டிய டிரைவர் மோட்டார் வாகனச் சட்டத்தில் கேட்கலாம், அல்லது தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்கலாம். இரண்டிலும் சேர்த்துக் கேட்க முடியாது. நான் ஓட்டிய வண்டியே சாலைத் தடுப்பில் மோதியது, எதிரில் வேறு வண்டி இல்லை. மோட்டார் வழக்கு என்றால் தப்பு யார் மேல் என்று என்னையே பிடிப்பார்கள் என்பதால், யார் தப்பு என்று பார்க்காத 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தை மேடம் எடுத்தார். மனு போட்டது தொழிலாளர் துணை ஆணையரிடம். விபத்து காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடந்தது, வேலூரில் எப்படி விசாரிக்கலாம் என்று எதிர்த்தரப்பு கிளப்பியது. தொழிலாளி குடியிருக்கும் இடத்திலேயே போடலாம் என்று 1995-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். என் ரேஷன் கார்டு நகலை நீட்டியதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உண்மையான சண்டை சதவீதத்தில்தான். டாக்டர் சர்டிபிகேட்டில் ஊனம் 40 சதவீதம் என்று இருந்தது. கணக்கு இப்படி: மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான காரணியால் (ஒவ்வொரு வயதுக்கும் சட்டத்தில் உள்ள எண்) பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு வாங்கியிருந்தாலும் 2020 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு 15,000. நாற்பது வயதுக்குக் காரணி 184.17. முழு இழப்பு என்றால் 16,57,530 ரூபாய். நாற்பது சதவீதம் என்றால் 6,63,012. இரண்டுக்கும் வித்தியாசம் பத்து லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு.

டாக்டர் சாட்சிக்கூண்டில் ஏறியபோது மேடம் காலைப் பற்றி நீளமாக எதுவும் கேட்கவில்லை. "இவர் இனி கனரக வாகனம் ஓட்ட முடியுமா? பிரேக்கை அழுத்த முடியுமா?" அவ்வளவுதான். முடியாது என்று டாக்டர் சொன்னது பதிவானது. கால் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் போவது வேறு. ஒரு கையை இழந்த தச்சருக்கு முழு இழப்பு என்று 1976-லேயே சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பை மேடம் கூடவே வைத்தார். பேட்டா வாங்கும் டிரைவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? அதனால் ஓனரையே சாட்சியாகக் கூப்பிட்டார். என் லைசென்ஸ் பற்றிய ஆர்.டி.ஓ. அத்தாட்சியையும் முன்கூட்டியே வாங்கி ஆவணமாகக் குறித்துவிட்டார். யாரும் கேட்காதபோது இது எதற்கு என்று எனக்கு அப்போது தோன்றியது.

உத்தரவு முழு இழப்பு என்று வந்தது, கூடவே 12 சதவீத வட்டி. ஒரு வருஷத்துக்கே ஏறக்குறைய இரண்டு லட்சம். இன்சூரன்ஸ் கம்பெனி ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டது. அதற்கு 60 நாள் கெடு. உத்தரவிட்ட தொகையைக் கட்டிய சான்றிதழ் இல்லாமல் முதலாளி அப்பீல் போட முடியாது, இன்சூரன்ஸ்காரர்களும் கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள். பணம் வேலூரில் துணை ஆணையரிடம் வந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் கைக்கு வரவில்லை. அப்பீல் இருப்பதாலேயே பணத்தை நிறுத்திவைக்க இடம் கொடுத்த பிரிவை 2017-ல் எடுத்துவிட்டார்கள், ஹைகோர்ட் தடை இல்லையென்றால் கேட்கலாம் என்று மேடம் உடனே மனு போட்டார். ஒரு பகுதி கைக்கு வந்தது. அந்த வருஷம் பெரியவளை காலேஜில் சேர்த்தது அந்தப் பணத்தில்தான்.

ஹைகோர்ட்டில் சட்டம் சார்ந்த முக்கியமான கேள்வி இருந்தால்தான் இந்த அப்பீலே நிற்கும். சதவீதம் அதிகம், சம்பளம் அதிகம் என்பதெல்லாம் சாட்சியத்தைப் பற்றிய விஷயம். அதனால் லைசென்ஸ் பற்றி ஒரு புதுக் கேள்வியைக் கொண்டுவந்தார்கள். அத்தாட்சி ஏற்கெனவே ஆவணத்தில் இருந்ததால் அது எடுபடவில்லை. அப்பீல் தள்ளுபடி.

குறைகளும் உண்டு. ஆபீஸ் முதல் மாடியில், லிப்ட் கிடையாது. கால் போனவர்களின் கேஸ் நடத்தும் இடத்துக்கு இப்படி ஒரு படிக்கட்டு! குமாஸ்தா அண்ணன் ஃபைலோடு கீழே இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் கையெழுத்து வாங்குவார், நல்ல மனுஷன். மேடம் போன் எடுக்கவே மாட்டார். சென்னையில் ஆஜரான வக்கீலுக்குத் தனி பீஸ் என்று முதலிலேயே சொல்லவில்லை, அப்பீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் சொன்னார்கள். பேப்பர் எல்லாம் இங்கிலீஷ். விளக்கம் வேண்டுமென்றால் நாமாகத்தான் கேட்க வேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம்.

பீஸ் கட்டவே வழியில்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். தொழிற்சாலைத் தொழிலாளி, மாற்றுத்திறனாளி, பெண்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, போன் 15100. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்கு வழி வேறு, அவர்கள் இந்தச் சட்டத்தில் வர முடியாது. 2025 நவம்பர் 21 முதல் புது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதால், அதற்குப் பிறகு நடந்த விபத்து என்றால் எந்தச் சட்டத்தில் மனு போடுகிறார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மேடத்தைப் பார்க்க சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், காலையில் கோர்ட்டில் இருப்பார்.