1050 மடங்கு டெலஸ்கோப்: என் 41,500 ரூபாய் போன விதம். வாங்க நினைப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

இன்று காலை பதினோரு மணிக்கு, டெலஸ்கோப் வாங்கிய ஆன்லைன் தளத்திலிருந்து அந்த மெயில் வந்தது. "உங்கள் புகார் தீர்த்துவைக்கப்பட்டது." எதைத் தீர்த்தார்கள் என்று தெரியவில்லை. பணம் வரவில்லை. பொருளை எடுத்துப்போக யாரும் வரவில்லை. டிசம்பர் 14 அன்று புகார் அதிகாரிக்கு எழுதினேன். இன்று ஜனவரி 13, சரியாக முப்பதாவது நாள். ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்று 2020 மின்வணிக விதிகள் சொல்கின்றன அல்லவா, அதற்காக ஒரு பொத்தானை அழுத்தி மூடிவிட்டார்கள். 41,500 ரூபாய். இந்தக் கோபம் ஆறுவதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். என்னென்ன பார்த்து வாங்கவேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் கம்பம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாகக் கல்யாண போட்டோதான் தொழில். போன செப்டம்பர் 7 சந்திர கிரகணத்தை மொட்டைமாடியில் நின்று 70-300 லென்ஸில் எடுத்தேன். செம்பு நிறத்தில் அருமையாக வந்தது, ஆனால் சின்னதாக. நிலா சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஃபோக்கல் லெங்த்தை, அதாவது ஒளி குவியும் தூரத்தை, 110-ஆல் வகுத்தால் போதும். 300 மில்லிமீட்டர் லென்ஸில் நிலா வெறும் 2.7 மில்லிமீட்டர். அன்றிலிருந்தே டெலஸ்கோப் ஆசை பிடித்துக்கொண்டது. 2026 ஜனவரி 10 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரப்போகிறது, அந்த வருஷத்திலேயே பெரிதாகத் தெரியும் என்று படித்தேன். அது மார்கழி. முகூர்த்தம் கிடையாது, எனக்கு ராத்திரியெல்லாம் ஓய்வு. மழையும் ஓய்ந்து வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். இதைவிட நல்ல நேரம் வராது என்று ஐப்பசிக் கல்யாணப் பணத்தில் ஒதுக்கி வைத்தேன்.

பலர் கடை போட்டு விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில்தான் பார்த்தேன். 150 மில்லிமீட்டர் மிரர், பரவளைய வடிவம், 1400 மில்லிமீட்டர் ஃபோக்கல் லெங்த், 1050 மடங்கு பெரிதாக்கும், அஸ்ட்ரோபோட்டோகிராபிக்கு ஏற்றது என்று போட்டிருந்தார்கள். விலை 32,000. படத்தில் குழாய் அரை மீட்டர்தான் இருக்கும்போலத் தெரிந்தது. 1400 என்கிறார்களே, எப்படி என்று கேட்டு அங்கேயே எழுதினேன். பத்து நிமிஷத்தில் விற்பவரே போன் செய்தார்.

நான் ஏமாந்தது அந்த அழைப்பில்தான், அதனால் அதை விரிவாகச் சொல்கிறேன். "அண்ணே, பேச்சைக் கேட்டாலே தெரியுது, நம்ம தேனிப் பக்கமா?" என்றுதான் ஆரம்பித்தார். என்ன கேமரா என்று கேட்டார். கேனான் 700டி என்றேன். "பிரமாதம்ணே. நீங்க டெலிகன்வெர்ட்டர் (ஃபோக்கல் லெங்த்தை நீட்டும் துணை லென்ஸ்) போடுவீங்கல்ல, அதே மாதிரி இதுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. அதான் குழாய் குட்டையா இருக்கு" என்றார். என் தொழிலின் வார்த்தையிலேயே பதில் சொன்னதும் எனக்கு இருந்த சந்தேகம் போய்விட்டது. அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு சனிக்கோள் படம் வந்தது. வளையம் நன்றாகச் சாய்ந்து, நடுவில் இருக்கும் கறுப்பு இடைவெளிகூடத் தெரிந்தது. "போன வாரம் என் மொட்டைமாடியில இதே பீஸ்ல எடுத்ததுண்ணே. ஆனா கூட வர்ற பார்லோ (பெரிதாக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) சுமார்தான். என்கிட்ட 5 மடங்கு அபோக்ரோமேட்டிக் (ஓரத்தில் நிறம் பிரியாத) பார்லோ ஒண்ணு இருக்கு, வெளியில பதினஞ்சாயிரம். உங்களுக்கு 9,500. நேரா ஜிபே பண்ணிடுங்க, அதே பெட்டியில வச்சு அனுப்பிடறேன்."

செய்தேன். தளத்தில் 32,000, ஜிபேயில் 9,500. மொத்தம் 41,500.

பெட்டி நவம்பர் 27 வந்தது. திருப்பி அனுப்ப ஏழு நாள், அதாவது டிசம்பர் 4 வரை. மறுநாளே டிட்வா புயல் மேகம் மூடிக்கொண்டது. போன் செய்தால், "மேகம் விலகட்டும்ணே, அவசரப்படாதீங்க" என்றார். ஒருநாள் மேக இடைவெளியில் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்தேன், பஞ்சுபோல் இருந்தது. "மிரர் வெளிக் காத்துக்குக் குளிரணும்ணே, ஒரு மணி நேரமாவது வெளியில வச்சிருங்க." வைத்தேன், மாறவில்லை. "வர்ற வழியில காலிமேஷன் (மிரர்கள் நேராக அமைந்திருப்பது) கலைஞ்சிருக்கும், ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல சொல்லித்தரேன்." எதுவும் முழுப்பொய் இல்லை. மிரர் குளிரத்தான் வேண்டும். காலிமேஷன் கலையத்தான் செய்யும். காற்று அலைந்தால் கோள் துடிக்கத்தான் செய்யும். இப்படி உண்மையான காரணங்களைச் சொல்லியே என் ஏழு நாளையும் தின்றுவிட்டார்.

டிசம்பர் 3, கார்த்திகை தீபத்தன்றுதான் வானம் திறந்தது. தெருவெல்லாம் அகல் விளக்கு. மொட்டைமாடியில் நானும் ஸ்டுடியோப் பையனும். முதலில் சனியைப் பிடித்தோம். வளையத்தையே காணோம்! மங்கலான ஒரு உருண்டை, குறுக்கே ஊசி சொருகினதுபோல் லேசாக ஒரு கோடு. டெலஸ்கோப்பில்தான் கோளாறு என்று நினைத்து அப்போதே போன் செய்து கத்தினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "ரிட்டர்ன் மட்டும் போட்டுறாதீங்கண்ணே, என் ரேட்டிங் அடிபடும். நாளைக்கே வேற பீஸ் அனுப்புறேன், இதை அப்புறம் மெதுவா எடுத்துக்கறேன்" என்றார். நம்பினேன். ரிட்டர்ன் போடவில்லை.

நாளைக்கு என்றது டிசம்பர் 4. அன்று முழுக்கப் போனை எடுக்கவில்லை. 5ஆம் தேதி காலையில் எடுத்தவர் "சொல்லுங்க சார்" என்றார். அண்ணே என்பது ஒரே ராத்திரியில் சார் ஆகிவிட்டது. "சார், ரிட்டர்ன் பீரியட் முடிஞ்சிருச்சே. நீங்க தளத்துலதான் கேட்கணும்." அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுந்தது. ஒரு வாரம் கழித்து அதுவும் இல்லை.

சனி விஷயம் அதற்கப்புறம்தான் புரிந்தது, வயிறெரிகிறது. 2025 மார்ச் 23 அன்று சனியின் வளையம் பூமிக்கு நேர் விளிம்பாகத் திரும்பியது. ஏறத்தாழ 15 வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. நவம்பரில் மறுபடியும் ஒரு டிகிரிகூடச் சாய்வில்லாமல் கிட்டத்தட்டக் கோடாகவே இருந்தது. ஆக, அன்று நான் பார்த்த கோடுதான் உண்மை. "போன வாரம் எடுத்தது" என்று அவர் அனுப்பிய சாய்ந்த வளையப் படத்தை அந்த மாதத்தில் உலகத்தில் எந்த டெலஸ்கோப்பிலும் எடுத்திருக்க முடியாது. தேடியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். தேடவில்லை.

பிறகு உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். பின்பக்கம் மூன்று திருகு, மிரர் அப்படியே கழன்று வந்தது. ஸ்கேலை வைத்தேன். 11.4 சென்டிமீட்டர். 150 அல்ல, 114! வரும் வெளிச்சம் பரப்பைப் பொறுத்தது, அதனால் 150 தரவேண்டியதில் இது 58 சதவீதம்தான் தரும். குழாய் மேல் "டி 150" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதன் ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் பழைய எழுத்து: 1000, 114. அதாவது ஃபோக்கல் லெங்த் 1000, மிரர் 114. பரவளையம் என்றதும் பொய். உள்ளே இருப்பது குட்டையான கோள வடிவ மிரர். ஓரத்தில் பட்ட ஒளியும் நடுவில் பட்ட ஒளியும் ஒரே இடத்தில் சேராது. அதைச் சரிக்கட்டி, கூடவே ஃபோக்கல் லெங்த்தையும் இரண்டு மடங்காக நீட்ட ஃபோகஸர் (தெளிவாக்க உள்ளே வெளியே நகர்த்தும் குழாய்) அடியில் ஒரு சின்ன லென்ஸை வைத்திருக்கிறார்கள். இந்த வகைக்குப் பேர்ட்-ஜோன்ஸ் என்று பெயர். அந்த லென்ஸ் நன்றாக அமைந்தால் பரவாயில்லை. மலிவாகச் செய்தால் எந்த நட்சத்திரமும் புள்ளியாகவே வராது. அவர் சொன்ன டெலிகன்வெர்ட்டர் இதுதான்.

கேமராவை மாட்டினால் அது இன்னொரு கதை. ஃபோகஸரை முழுக்க உள்ளே தள்ளியும் ஃபோகஸ் வரவில்லை. கேனான் பாடியில் சென்சார் 44 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, அதற்கு மேல் அடாப்டர் வேறு. இந்தக் குழாயில் பிம்பம் அவ்வளவு வெளியே வந்து விழுவதில்லை. பார்லோ போட்டால் ஃபோகஸ் வெளியே தள்ளிவரும், படம் கிடைக்கும். கிடைத்த படத்தைச் சொல்கிறேன். 1000-ஐ 5 மடங்காக்கினால் 5000 மில்லிமீட்டர். அதை 114-ஆல் வகுத்தால் எஃப்/44. இந்த எண் கூடக்கூடத் துளை சின்னது, வெளிச்சம் குறைவு. கல்யாண மண்டபத்தில் யாராவது எஃப்/44-இல் படம் எடுப்பார்களா? அந்தத் துளையில் ஒளி அலையின் இயல்பாலேயே ஒரு நட்சத்திரப் புள்ளி சுமார் 59 மைக்ரான் வட்டமாக விரிந்துவிடும். என் கேமராவின் ஒரு பிக்ஸல் 4.3 மைக்ரான். எவ்வளவு நல்ல கண்ணாடியாக இருந்தாலும் ஒரு புள்ளி பதிமூன்று, பதினான்கு பிக்ஸலுக்கு இழுகும். பெரிதாகத் தெரியும், ஆனால் புதிதாக ஒன்றும் தெரியாது. இந்த மிரருக்கு 2 மடங்கு பார்லோவே தாராளம். சரி, அந்த 9,500 ரூபாய் அபோக்ரோமேட்டிக்காவது நிஜமா? நிலாவின் விளிம்பில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. பார்லோவைக் கழற்றினால் ஏறக்குறைய மறைகிறது. கையில் எடுத்தால் பிளாஸ்டிக் மாதிரி எடையே இல்லை.

ஸ்டாண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. "தமிழ்நாட்டுக்குச் சரியா செட் பண்ணியிருக்கு" என்றார். ஸ்டாண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து இருக்கவேண்டும். எங்கள் ஊரில் அது அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. அச்சை அந்தப் பத்து டிகிரிக்குச் சாய்த்தால் எடைக்கல் போய் முக்காலியின் காலில் இடிக்கிறது. பாதி வானத்துக்குத் திருப்பவே முடியாது.

தளத்துக்காரர்களிடம் அலைந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஆள், ஏழு நாள் முடிந்துவிட்டது என்றார். இரண்டாவது பெண், பொருள் உடைந்திருக்கிறதா, இல்லையென்றால் எப்படிக் குறை என்பீர்கள் என்று கேட்டார். மிரர் மேல் ஸ்கேல் வைத்த படத்தை அனுப்பினேன். 150 என்பது குழாயின் வெளிவிட்டமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. வெளிவிட்டத்தையும் அளந்து அனுப்பினேன், அதுவே 14 சென்டிமீட்டர்தான்! அதற்குப் பதில் இல்லை. மிரரைக் கழற்றியதால் வாரண்டி போச்சு என்றார் நான்காவது ஆள். 9,500-ஐப் பற்றிக் கேட்டால், வெளியே கட்டிய பணத்துக்கு எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். பெட்டி பிரித்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார்கள். வருஷத்துக்கு நாற்பது கல்யாணம் வீடியோ எடுக்கிறேன், மழையில் வந்த அந்தப் பெட்டியை எடுக்கவில்லை.

ஜனவரி 10 ராத்திரி வானம் அவ்வளவு சுத்தம். மிதுன ராசியில் வியாழன் விளக்குபோல் நின்றது. பையன் ஆசையாக ஏறி வந்தான். மூடி வைத்த குழாயைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போய்விட்டான்.

எச்சரிக்கை என்று நிறைய எழுத நினைத்தேன், தலை வலிக்கிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். எத்தனை மடங்கு என்று கேட்காதீர்கள், மிரர் அகலத்தைக் கேளுங்கள். காவலூர் வான் ஆய்வகத்து டெலஸ்கோப்பை 2.34 மீட்டர் என்றுதான் சொல்வார்கள், இத்தனை மடங்கு என்று யாரும் சொல்வதில்லை. மில்லிமீட்டரில் உள்ள அகலத்தை இரண்டால் பெருக்குங்கள். பயன்படும் பெரிதாக்கம் அதிகபட்சம் அவ்வளவுதான். 150-க்கு 300, 114-க்கு 228. அதற்கு மேல் எண் போட்டிருந்தாலே விட்டுவிடுங்கள். போட்டிருக்கும் ஃபோக்கல் லெங்த்துக்குப் பாதிகூட நீளமில்லாத நியூட்டோனியன் (இதுபோல் மிரர் வைத்துப் பக்கவாட்டில் பார்க்கும்) குழாயை வாங்காதீர்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய் கட்டாதீர்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். விற்பவர் எவ்வளவு கெஞ்சினாலும் ரிட்டர்னை முதலில் போட்டுவிட்டுப் பேசுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. நான் இன்று மதியம் பதிந்துவிட்டேன். பொங்கல் முடிந்ததும் தேனி நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை.

இதை எழுதும்போதே மறுபடி தேடிப் பார்த்தேன். கடைப் பெயர் மாறியிருக்கிறது. பொருள் அதுவே, 1050 மடங்கு, விலை 34,000. முதல் படமாக அதே சாய்ந்த வளையம் போட்ட சனியை வைத்திருக்கிறார்கள்.