மும்பையில் ஒரு காட்சி வேடம்: மேடையா, சீரியலா, சினிமாவா?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கமிருந்து நடிக்கக் கிளம்பும் தமிழருக்கு மூன்று வாசல்கள் உண்டு: இந்தி சீரியலில் ஒருநாள் வேடம், படத்திலோ வெப் சீரிஸிலோ ஒரு காட்சி, இந்தி நாடகத்தில் பத்துப் பன்னிரண்டு வரி வசனம். நான் தேர்ந்தெடுத்தது நாடகம். காசுக்கு சீரியல், பெயருக்கு சினிமா என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. ஆனால் தமிழ் நாக்குக்கு எது சரி என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று: வசனம் கைக்கு வருவதற்கும் அதைப் பேசுவதற்கும் நடுவே எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது என்பது.

சீரியலில் அவகாசமே இல்லை. கோரேகாவ் ஃபிலிம் சிட்டியோ, மீரா ரோடோ, நாய்காவோ, 12 மணி நேர ஷிஃப்ட். காட்சித் தாள் பெரும்பாலும் மேக்கப் போடும்போதுதான் வரும், அதுவும் ஷாட்டுக்கு முன் மாறும். முதலில் மாஸ்டர் (முழுக் காட்சியையும் அகலமாக எடுக்கும் ஷாட்), பிறகு நாயகியின் க்ளோஸ் (முகத்தை நெருக்கி எடுப்பது), கடைசியில் உங்களுடையது. அதற்குள் டம்ளரை எந்தக் கையில் பிடித்தோம், எந்த வார்த்தையில் கீழே வைத்தோம் என்பது மறந்திருந்தால் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் மாறாத தொடர்ச்சி) போய்விடும். பல செட்களில் உதவி இயக்குநர் வசனத்தைப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுப்பார். அவர் சொல்லும் உச்சரிப்பைக் காதில் வாங்கித் திருப்பிச் சொல்வதற்குள் முகத்தில் நடிப்பு செத்துப்போகிறது. சம்பளம் வழக்கமாக 90 நாள் கழித்து. வேடம் பிடித்துத் தரும் கோஆர்டினேட்டரின் கமிஷன் எவ்வளவு, டி.டி.எஸ். (வரிப் பிடித்தம்) உண்டா என்பதை ஒப்புக்கொள்ளும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சினிமாவில் ஆடிஷனில் பேசிக் காட்ட வேண்டிய பகுதி முன்கூட்டியே வரும், அது ஆறுதல். ஆனால் ஆடிஷனுக்கு மனப்பாடம் செய்த காட்சியும் செட்டில் எடுக்கும் காட்சியும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. சிங்க் சவுண்ட் (டப்பிங் இல்லாமல் செட்டிலேயே பதியும் ஒலி) என்றால் அன்று வாயில் வந்ததுதான் திரையிலும் வரும். எடிட்டிங்கில் காட்சியே போவதும் உண்டு.

உச்சரிப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வசனத்தைத் தமிழெழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்தியில் சாப்பாடும் பாட்டும் தமிழெழுத்தில் ஒரே ‘கானா’. அண்ணனும் வீட்டுவேலை செய்யும் அம்மாளும் ஒரே ‘பாயி’. இதற்கு மருந்து நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. சுலோகப் புத்தகங்களில் போடுவார்களே, க, ப போன்ற வரிசைகளில் எத்தனையாவது ஒலி என்று காட்டும் அந்த எண்கள். சாப்பாட்டுக்கு க², பாட்டுக்கு க³, வீட்டுக்கு (‘கர்’) க⁴. அண்ணனுக்கு ப⁴, அம்மாளுக்கு ப³. உள்ளங்கையை வாய்க்கு முன் வைத்து க² சொல்லிப் பாருங்கள், காற்று கையில் பட்டென்று அடிக்க வேண்டும். வெறும் க சொன்னால் அடிக்கக் கூடாது. நான்காம் எழுத்துகள்தான் கடினம். சொல்லின் தொடக்கத்தில் வரும் ப⁴ நம் வாயில் நழுவி முதல் ப ஆகிவிடும்.

இதை ஒரு காலையில் சரிசெய்ய முடியாது. நாடகத்தில் அதற்கு நாலைந்து வாரம் கிடைக்கிறது. முதல் சில நாள் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பு மட்டும். தப்பாக வந்த சொல்லை அங்கேயே நிறுத்தித் திருத்துவார்கள். பிறகுதான் எழுந்து நின்று பிளாக்கிங் (மேடையில் யார் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பது). பன்னிரண்டு வரியை ஐம்பது தடவை பேசியிருப்பீர்கள், அதுவும் வேறொருவர் பேசுவதைக் கேட்டு அதற்கு மறுமொழியாக. ஜூஹு பிருத்வி தியேட்டரில் மேடையின் மூன்று பக்கமும் பார்வையாளர்கள், சுமார் 200 இருக்கைதான். ப⁴ பிசகினால் முன்வரிசை முகத்தில் உடனே தெரிந்துவிடும்.

வெர்சோவா ஆராம் நகரில் நடக்கும் ஒத்திகைகள் பெரும்பாலும் மாலையில். அலுவலகம் முடிந்து காட்கோபரில் மெட்ரோ பிடித்தால் நேரே வெர்சோவா. குறை என்னவென்றால், நாடகம் ஒருமுறை மேடையேறினால் கிடைக்கும் தொகை சில சமயம் ஆட்டோவுக்கே போய்விடும். அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. மராத்தி மேடையின் நடைமுறை வேறு, அங்கே எனக்கு அனுபவம் குறைவு.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. நாக்கு திருந்தும் முன் சீரியலுக்குப் போனால் கோஆர்டினேட்டரின் பட்டியலில் ‘சவுத் இந்தியன்’ என்று ஏறிவிடும். பிறகு வரும் அழைப்பெல்லாம் பட்டை போட்ட பக்கத்து வீட்டு மாமாவுக்குத்தான். நம்மிடம் இல்லாத ஒரு கொச்சையைக் கூட்டிப் பேசச் சொல்வார்கள். அந்தப் பெயரை அழிக்க வருடங்கள் ஆகும்.

ஆகவே ஒரு நாடகம் பத்துத் தடவையாவது மேடையேறட்டும், அப்புறம் சீரியலுக்குப் போங்கள். நாடகத் தேதிகள் முன்பே தெரிந்துவிடும். சீரியலில் தேதி கேட்கும்போதே அவற்றைக் கோஆர்டினேட்டருக்கு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். நாடகத்தன்று மதியம் இரண்டுக்கே விட்டுவிடுவோம் என்ற வாய்வார்த்தையை நம்பி ஷூட்டுக்குப் போகாதீர்கள். உங்கள் க்ளோஸ்தான் கடைசியில் எடுப்பார்கள்.