அப்பாவின் மொறிஸ் மைனரும் என் மூன்று கிழமை லீவும்

அப்பாவின் மொறிஸ் மைனர் காரில் வலப்பக்கக் கதவைச் சாத்த ஒரு முறை உண்டு. கைபிடியில் பிடித்து ஒரு விரற்கடை மேலே தூக்கி, அப்படியே தள்ளி, கடைசியில் இடுப்பால் ஒரு இடி. அவருக்கு அது கைப்பழக்கம். இந்த முறை லண்டனில் இருந்து போய் இறங்கிய அன்று நான் சாதாரணமாகச் சாத்தினேன். கதவு, தூணில் பூட்டு மாட்டும் பூட்டுத்தகட்டில் மோதித் திரும்பி வந்து முழங்காலில் அடித்தது.

1959ஆம் ஆண்டு கார், 948 சிசி எஞ்சின், இரண்டு கதவு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார். யாழ்ப்பாணத்தில் அப்போது அப்படி ஓடாத பழைய கார் எது? எஞ்சினை அத்தனை பாடுபட்டுக் காப்பாற்றியவர்கள் கதவுப் பிணைச்சலுக்கு (கீலுக்கு) ஒரு சொட்டு ஒயில் விட மறந்துவிட்டார்கள், அதுதான் கதை. இரண்டு கதவு மைனரின் கதவு, நாலு கதவு மைனரின் முன்கதவைவிட நீளம். பாரமும் கூட. சாரதிப் பக்கம் முதலில் தொங்குவதில் அதிசயம் இல்லை.

போன வருடம் அப்பா ஒரு கராஜுக்குக் கொண்டுபோயிருக்கிறார். பெயர் வேண்டாம். அவர்கள் பூட்டுத்தகட்டைக் கீழே இறக்கிவிட்டு, கீழ்ப் பிணைச்சலின் இடுக்கில் மரக்கட்டை வைத்துக் கதவை நெருக்கியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பிணைச்சல் வளைந்து கதவு கொஞ்சம் மேலேறும், உண்மைதான். ஆனால் தேய்ந்தது தேய்ந்தபடிதான். நாலு மாதத்தில் பழைய கோலம். காசு மட்டும் திரும்பி வரவில்லை.

நான் என் பங்குக்கு லண்டனில் பிணைச்சல் பின், அதாவது பிணைச்சல் சுழலும் இரும்புக் கம்பி, நாலு வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனேன். 16 லட்சத்துக்கு மேல் செய்த கார், 1971இல் தயாரிப்பு நின்றாலும் அங்கே சாமான் இன்னும் சுலபமாகக் கிடைக்கிறது. பழைய பின்னைத் தட்டிக் கழற்றிப் புதியதைப் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு.

கொக்குவிலில், கே.கே.எஸ். வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் லேத் (கடைசல் மிசின்) வைத்திருக்கும் ஒருவரிடம் மச்சான் கூட்டிப்போனான். வயது அறுபதுக்கு மேல். பின்னை வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கதவை அரைவாசி திறந்து, என் பெருவிரலைப் பிடித்து மேல் பிணைச்சலில் வைத்துவிட்டு, மறுகையால் கதவின் நுனியைத் தூக்கினார். விரலுக்குக் கீழே "டிக்" என்று ஒரு அசைவு.

"பின் ஆடுது. பிணைச்சல் தகடு ஆடினால் ஸ்க்ரூ இளகிப்போச்சு எண்டு அர்த்தம். தூணே சேர்ந்து ஆடினால் உள்ளுக்குத் துரு. உங்கட தூண் நல்லாயிருக்கு, தம்பி, புண்ணியம்."

"அப்ப இந்தப் பின்னைப் போடலாம்தானே, அண்ணை?"

"ஓட்டை முட்டை மாதிரிப் போச்சு. அதுக்குள்ள புதுப் பின் பானைக்குள்ள அகப்பை மாதிரி ஆடும்."

பிறகு நானே அளந்து பார்த்தேன். இரண்டு பிணைச்சலுக்கும் இடைவெளி ஏறக்குறைய ஓரடி, கதவின் நீளம் மூன்றடி. பிணைச்சலில் அரை மில்லிமீற்றர் ஆட்டம் பூட்டுப் பக்கத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் இறக்கமாகிறது. இரண்டு பிணைச்சலும் தேய்ந்தால் அதுவும் கூடும்.

கழற்றுமுன் பிணைச்சலைச் சுற்றி ஊசியால் கோடு கீறினார், திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் உட்காரவேண்டும் என்று. கதவுக்கு அடியில் ஜக், அதன் மேல் மடித்த சாக்கு. ஸ்க்ரூக்கள் அறுபது வருடத் துருவோடு ஒட்டிப்போயிருந்தன. சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் ஸ்க்ரூட்ரைவரால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இளகின. அந்த ஒன்றின் தலை மழுங்கிப்போக, துளைத்து எடுத்தார். பின்கள் ஓரிரவு மண்ணெண்ணெயில் ஊறின. அந்தக் காருக்கு மண்ணெண்ணெய் புதிதில்லையே!

ஓட்டையை லேத்தில் வட்டமாக்கிப் பெருப்பித்து, பித்தளைப் புஷ் (பின்னைச் சுற்றி நிற்கும் குழாய்) கடைந்து இறுக்கி ஏற்றி, கடைசியாகத் துளையைச் சீவும் ரீமர் விட்டு என் பின்னின் அளவுக்கே உள்வட்டத்தைக் கொண்டுவந்தார். ஆக, லண்டன் பின் வீணாகவில்லை. புஷ்ஷில் ஒயில் விட ஊசித்துளை ஒன்றும் போட்டார், நான் கேட்காமலே. பூட்டுத்தகட்டைக் கடைசியில்தான் தொட்டார். கதவு தானாக நேரே வந்து நிற்கும்வரை அதில் கைவைக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

குறை ஒன்று உண்டு, நாள். புதன்கிழமை தாறேன் என்றவர் தந்தது அடுத்த செவ்வாய். நல்லூர்த் திருவிழாக் காலம், உதவிக்கு நின்ற பெடியன் தேருக்குப் போனவன் மூன்று நாள் வரவில்லை. ஓகஸ்டில் லீவு எடுத்துப் போகிறவர்கள் இப்படியான வேலையை இறங்கிய மறுநாளே கொடுத்துவிடுங்கள். நான் ஐந்து நாள் கழித்துக் கொடுத்தேன், ஆறு நாள் கதவில்லாத காரைப் பார்த்துக்கொண்டு பஸ்ஸில் திரிந்தேன். புதுப் பிணைச்சலே வாங்கலாமே என்று கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையிலும் ஆள்விட்டுத் தேடினோம். வந்தது இன்னொரு காரில் இருந்து கழற்றியது. எங்களுடையதைவிட மோசம்.

இரண்டு பிணைச்சலுக்கும் எல்லாமாக 14,000 ரூபாய். நான் கூடக் கொடுத்தேன், வாங்கவில்லை.

இடப்பக்கக் கதவும் மெல்ல இறங்கத் தொடங்கியிருக்கிறது. மிச்சப் பின் இரண்டையும் கிரீஸ் தடவி, பேப்பரில் சுற்றி, அம்மாவின் தையல் மிசின் லாச்சிக்குள் வைத்துவிட்டு வந்தேன்.