பழைய மோடம், தொங்கும் ஃபைபர், டெல்டா மழை

நெட் போனால் எங்கள் ஊரில் முதலில் திட்டு வாங்குவது கம்பெனி, அடுத்தது மோடம். 2020 ஊரடங்கு சமயத்தில் போட்ட ஃபைபர் இணைப்பைத்தான் இன்றுவரை வைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம். லோக்கல் கேபிள்காரர் வழியாக வரும் லைன், இந்தப் பக்கம் நிறைய வீடுகளில் இதேதான். இத்தனை வருடம் அதோடு மல்லுக்கட்டியதில் எனக்குத் தெரிந்தது இது: கோளாறில் பெரும்பகுதி கரண்டிலும் தெருவில் தொங்கும் கம்பியிலும்தான் இருந்தது. மோடத்துக்கு வயதானதும் உண்மைதான், ஆனால் அது மூன்றாவது காரணம்.

ஊர் மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவில். மன்னார்குடி கடைகள் சிலவற்றுக்கு வீட்டிலிருந்தே ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறேன். மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று இரண்டு கணக்குகளைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த இரண்டு தேதிகளில் நெட் போனால் தாமதக் கட்டணம் கடைக்காரருக்கு, பேச்சு எனக்கு.

ஃபைபருக்கு முன்னால் செம்புக் கம்பி லேண்ட்லைனில் வந்த பிராட்பேண்ட் இருந்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக் கூட வேகம் குறையும் ரகம் அது. இடி இடித்தால் அம்மா ஓடிப் போய் போன் ஒயரைப் பிடுங்கி வைப்பார். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது தெருவில் கம்பங்களெல்லாம் படுத்துவிட்டன. லேண்ட்லைன் கதை எங்கள் வீட்டில் அதோடு முடிந்தது. ஃபைபரில் கண்ணாடி இழைக்குள் ஒளிதான் போகிறது, அதனால் லைன் வழியாக இடி வந்து மோடத்தை எரிக்காது. ஆனால் கேபிளைத் தாங்குவதற்குக் கூடவே ஒரு இரும்புக் கம்பி வரும். அதை வீட்டுக்கு வெளியே கொக்கியிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இழுத்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள்.

முதல் இரண்டு வருடம் பெரிய குறை இல்லை. அப்புறம் ஆரம்பித்தது, ஒரு நிமிடம் போவதும் தானாக வருவதும். கஸ்டமர் கேரில் கேட்டால் எப்போதும் ஒரே பதில்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." இந்த வைத்தியத்தில் தொல்லை என்னவென்றால், ஆஃப் செய்த உடனே தடயமும் அழிந்துவிடும். நெட் போனதும் மோடத்தில் கை வைக்காமல், முதலில் அதன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலும் வரும், இல்லாவிட்டால் பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். அங்கே 'அப்டைம்' என்று ஒன்று உண்டு, கடைசியாக மோடம் ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு. நெட் போய் வந்த பிறகு அது இரண்டு நிமிடம் என்று காட்டினால் மோடம் செத்துப் பிழைத்திருக்கிறது, கரண்ட் பக்கம் பாருங்கள். அப்டைம் பல நாளாக ஓடிக்கொண்டிருந்து, லாஸ் (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. இரண்டும் சரி, ஒயர் மாட்டிய கம்ப்யூட்டரில் நெட் ஓடுகிறது, போனில் மட்டும் இல்லை என்றால் அது வைஃபை விவகாரம். மூன்றும் சரியாக இருந்தால் மட்டும் கம்பெனியைத் திட்டலாம்.

எனக்கு அப்டைம்தான் பூஜ்யத்துக்குப் போய்ப் போய் வந்தது. அதுவும் தினமும் ஒரே நேரத்தில். கொஞ்ச நாள் குறித்து வைத்துப் பார்த்தபோது புரிந்தது: மும்முனை மின்சாரம் வரும் நேரம். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தாலும் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலுக்கு ஃபில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணறுதான் கதி. கரண்ட் வந்ததும் நாலாபக்கமும் மோட்டார்கள் ஒன்றாக எடுக்கும். வீட்டில் குண்டு பல்பு ஒரு கணம் மங்கித் தெளியும், அந்தக் கணத்தில் மோடம் விழுந்துவிடும். பக்கத்து வீட்டிலும் அதே மோடம், அதே கரண்ட். அங்கே ஒன்றும் ஆகவில்லை. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால் மிச்சமிருந்தது அடாப்டர்தான்.

மோட்டார் காயில் கட்டும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மல்டிமீட்டரை வைத்தார், 12 வோல்ட் காட்டியது. "சும்மா வச்சா 12 காட்டும்ணே, வேலை குடுத்துப் பாக்கணும்" என்றவர், மோடத்தை எடுத்து வரச் சொல்லி, அது ஓடும்போதே அளந்தார். 11-க்குக் கீழே இறங்கி ஏறி ஆடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, மூடியைப் பிளந்து காட்டினார். உள்ளே சுண்டுவிரல் நுனியளவு கெபாசிட்டர் ஒன்று, தட்டையாக இருக்க வேண்டிய தலை உப்பி, சுற்றிலும் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. இந்த வகைக் கெபாசிட்டருக்குச் சூடு ஆகாது. 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸில் பொதுக் கணக்கு. எங்கள் மோடம் இருந்ததோ ஓட்டுக் கூரைக்குக் கீழே, அலமாரியின் மேல் தட்டில். சித்திரை வெயிலில் அந்த இடத்தில் கை வைக்க முடியாது.

அடாப்டர் மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. பின்னின் பருமனும் பிளஸ்-மைனஸ் எந்தப் பக்கம் என்பதும் ஒத்துப்போக வேண்டும், அந்தப் படம் அடாப்டரின் மேலேயே அச்சாகியிருக்கும். புது அடாப்டர் போட்டதும் அந்தத் தொல்லை நின்றது. புது மோடம் வாங்கக் கிளம்பியவன் நூற்றுச் சொச்ச ரூபாயில் திரும்பி வந்தேன்.

கூடவே ஒரு மினி யூபிஎஸ்ஸும் வாங்கினேன். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்கலாம். சாதாரண மோடில் அது கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாற எடுக்கும் சிறு இடைவெளியே நோஞ்சான் அடாப்டருக்குப் போதும், மோடம் விழுந்துவிடும். சில இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் மாற்றம் வேகமாக நடக்கும். மினி யூபிஎஸ் நேராக 12 வோல்ட்டைக் கொடுப்பதால் அந்த இடைவெளியே இல்லை. இன்னொரு சௌகரியம்: இந்த ஃபைபர் அமைப்பில் கேபிள்காரர் அலுவலகத்துக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் கரண்ட் தேவைப்படும் சாமான் எதுவும் இல்லை. வழியில் ஒளியைப் பிரிக்கும் கப்ளருக்குக்கூட மின்சாரம் வேண்டாம். அவர் அலுவலகத்தில் பேட்டரி இருந்தால் ஊரே இருட்டாக இருந்தாலும் நமக்கு நெட் ஓடும். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் பகல் முழுக்க நிறுத்தும் நாட்களில் இதன் அருமை தெரியும். வாங்கும்போது மோடத்தின் ஆம்பியரைப் பார்த்து வாங்குங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சோர்ந்துவிடும், என்னுடையது இப்போது பாதி நேரம்தான் தாங்குகிறது.

சரி, கரண்ட் கதை முடிந்தது. மழைக் கதை வேறு.

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தால் சிவப்பு விளக்கு எரியும். வெயில் வந்தால் தானாகப் பச்சை. லைன் பார்க்கும் தம்பி வரும்போது மழை விட்டிருக்கும், விளக்கும் பச்சையாக இருக்கும். "இப்ப நல்லாத்தானேண்ணே இருக்கு" என்று போய்விடுவார். இங்கேதான் மோடம் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண் கைகொடுத்தது. ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும், நம் வீடு வரை வந்து சேரும் ஒளியின் அளவு. மைனஸில்தான் காட்டும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 25 தாண்டினால் கவனிக்க வேண்டும், மைனஸ் 27, 28-ஐ நெருங்கினால் பெரும்பாலான மோடம்கள் தடுமாறும். மூன்று இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. நல்ல வெயில் நாளில் எனக்கு மைனஸ் 21, மழை நாளில் மைனஸ் 27. ஆறு வித்தியாசம் என்றால் வர வேண்டிய ஒளியில் கால்வாசிதான் வந்து சேர்கிறது. இரண்டு நாளையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதுவரை தட்டிக்கழித்த தம்பி மறுநாளே ஏணியோடு வந்தார்.

மழைக்கும் ஒளிக்கும் நேரடிப் பகை எதுவும் இல்லை. பகை ஜாயின்ட்டில்தான் இருக்கும். தெருமுனைக் கம்பத்தில் கட்டியிருந்த ஜாயின்ட் பெட்டியைத் திறந்தால் உள்ளே எறும்புப் புற்று, மண்ணும் வெள்ளை முட்டையுமாக. மூடி சரியாக மூடாததால் தண்ணீர் வேறு. இழைகளை உருக்கி ஒட்டாமல், சும்மா செருகும் ஃபாஸ்ட் கனெக்டர் போட்டிருந்தார்கள். அவசரத்துக்கு அது சரி, வருடக்கணக்கில் காற்றிலும் மழையிலும் ஆடும் இடத்துக்குச் சரிப்படாது. ஸ்ப்ளைஸிங் மிஷினைக் கொண்டுவந்து உருக்கி ஒட்டி, பெட்டியையும் மாற்றிய பிறகு மழையிலும் மைனஸ் 21-க்குக் கீழே போகவில்லை.

அன்றைக்கே வீட்டுக்குள்ளும் ஒன்று சிக்கியது. மோடத்துப் பக்கமிருந்து சிவப்பு லேசர் பேனாவை இழைக்குள் அடித்துவிட்டு விளக்கை அணைத்தார். ஜன்னல் சட்டத்தை ஒட்டி மஞ்சள் ஒயர் மடங்கிய இடம் உள்ளிருந்து சிவப்பாகப் பளிச்சென்று தெரிந்தது. கதவைச் சாத்தும்போதெல்லாம் அது நசுங்கியிருக்கிறது. கண்ணாடி இழை மடிந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். கேபிள் சுற்றி வைக்கும்போதும் காபி டம்ளர் வாயை விடச் சின்ன வட்டமாகச் சுற்றாதீர்கள். பிளக் முனை பச்சையா நீலமா என்றும் பாருங்கள். பச்சையின் முகம் சாய்வாகத் தீட்டியது, நீலம் நேரானது. இரண்டையும் மாற்றிச் செருகினால் அங்கேயே நிறைய ஒளி வீணாகும். முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

வைஃபை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தாத்தா கட்டிய வீடு, சுண்ணாம்புச் சாந்துச் சுவர், கூடத்தில் நெட் பறக்கும், பின்கட்டில் ஒரு கோடு. மோடத்தை அலமாரி உச்சியிலிருந்து இறக்கி ரேழியில் வைத்து, பின்கட்டுக்கு லான் ஒயர் இழுத்து, ஒரு சின்ன ரவுட்டர் போட்டதோடு தீர்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனலை 1, 6, 11 இந்த மூன்றில் ஒன்றாக வைத்தால் பக்கத்து வீட்டோடு மோதல் குறையும்.

மோடத்தைக் கடைசியில் மாற்றத்தான் வேண்டியிருந்தது, ஆனால் காரணம் வேறு. பிளானை 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் உயர்த்திய பிறகும் ஒயரில் 94-ஐத் தாண்டவில்லை. பழைய பாக்ஸில் இருந்தது 100 எம்பி லான் போர்ட், அதன் உச்சமே அவ்வளவுதான். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் கிடையாது. விசேஷத்துக்கு உறவினர் வந்து ஆளுக்கொரு போனை இணைத்தால் பாக்ஸ் திணறி நின்றுவிடும். இதெல்லாம் வயதுக் கோளாறு, இதற்கு மருந்து புது பாக்ஸ்தான். கடையில் கண்டதை வாங்கி மாட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஃபைபர் நெட்டில் ஜிபான் (GPON), ஈபான் (EPON) என்று இரண்டு முறைகள் உண்டு, கேபிள்காரர் நடத்துவது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள், பாக்ஸில் எக்ஸ்பான் (XPON) என்று போட்டிருந்தால் இரண்டுக்கும் ஒத்துவரும். புது பாக்ஸின் சீரியல் நம்பரையும் அவர் பக்கத்தில் ஏற்ற வேண்டும், அதுவரை அது வெறும் டப்பா.

புகார் கொடுத்தால் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு புகாருக்கும் டாக்கெட் எண் தர வேண்டும், தீர்வு திருப்தி இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். நான் அதுவரை போகவில்லை. அந்த ஆர்எக்ஸ் எண்ணைப் போட்டோவாக அனுப்புவதே இங்கே வேலையை நடத்திவிடுகிறது.

இப்போது மிச்சமிருப்பது வைக்கோல் லாரி. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் வானத்தைத் தொடுகிற மாதிரி கட்டிக்கொண்டு வருவார்கள், எங்கள் தெருவைக் கடக்கும் கேபிளோ தாழ்வாகவே கிடக்கிறது. போன அறுவடையில் அறுந்து, பாதி நாள் நெட் இல்லை. உயர்த்திக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மின்வாரியக் கம்பத்தில் கை வைக்க அனுமதி வேண்டும் என்கிறார் தம்பி. அதுவரைக்கும் 20-ஆம் தேதி வேலையை 18-ஆம் தேதியே முடித்துவிடுகிறேன்.