பழைய ஸ்ப்ளெண்டருக்குப் புதிய பின் ஷாக்: கேப்ரியல் ஜோடியுடன் ஏழு மாதங்கள்

என்னிடம் இருப்பது 2006-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர் பிளஸ். இஞ்சினில் இன்றுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பல்லாவரத்திலிருந்து அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாள்களில், ஒவ்வொரு வேகத்தடையையும் தாண்டிய பிறகு வண்டியின் பின்பகுதி இரண்டு மூன்று முறை துள்ளித்தான் அடங்கியது. சேலை கட்டி ஒருபக்கமாக உட்காருபவருக்கு அந்தத் துள்ளல் நேராக இடுப்பில் இறங்கும். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேகத்தடை வரும் முன்பே என் தோளை இறுகப் பற்றிக்கொள்ளப் பழகிவிட்டார். அதைக் கவனித்த பிறகுதான் பின்பக்க ஷாக் அப்சார்பர்களைக் குனிந்து பார்த்தேன். இடதுபக்க ஷாக்கின் கீழ்க்குழாயில் எண்ணெயும் புழுதியும் குழைந்து கறுப்புக் களிம்பாக ஒட்டியிருந்தது.

ஷாக் என்றதும் நம் கண்ணில் படுவது ஸ்பிரிங்தான். வண்டியின் எடையைத் தாங்குவது அதன் வேலை. அமுங்கிய ஸ்பிரிங் மறுபடி மறுபடி எழும்பாமல் பிடித்து நிறுத்துவது, குழாய்க்குள் அடைபட்டிருக்கும் எண்ணெய். தண்டின் முனையிலுள்ள பிஸ்டன் சிறு துளைகளின் வழியே அந்த எண்ணெயைப் பிதுக்கிக்கொண்டுதான் நகர முடியும் என்பதால், துள்ளலின் ஆற்றல் வெப்பமாக மாறித் தணிகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் வெறும் ஸ்பிரிங் மட்டுமே மிஞ்சும். இதை அறியாமல், ஷாக் 'உட்கார்ந்துவிட்டது' என்று நினைத்து, ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் உள்ள, ஐந்து படிகள் கொண்ட வளையத்தை நான்காம் படிக்குத் திருகி வைத்திருந்தேன். அந்தத் திருகல் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மட்டுமே மாற்றும். கசிந்துபோன எண்ணெயை அது ஈடுசெய்யாது. வண்டி முன்னிலும் கடுமையாகத் தூக்கிப் போட்டதுதான் கண்ட பலன்.

புதிதாக வாங்கும் முன், பழைய ஷாக்கைப் பிரித்து ஆயிலும், அது கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலும் மாற்றித் தரும் ஒரு பட்டறைக்குப் போனேன். ஸ்பிரிங்கைக் கழற்றியதும் உள்ளேயிருந்த குரோம் தண்டைக் காண முடிந்தது. அதில் இரண்டு இடங்களில் துரு அரித்த புள்ளிகள் இருந்தன. நகத்தால் வருடியபோது நகம் அங்கே தடுக்கி நின்றது. அவர்கள் சீலை மாற்றி எண்ணெய் ஊற்றினார்கள், தண்டை மாற்றவில்லை. சொரசொரப்பான தண்டு ஒவ்வொரு குழியிலும் மேலும் கீழும் ஓடும்போது புதிய ரப்பர் சீலின் உதட்டை அறுத்துவிடும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. நான்காவது மாதமே அதே இடத்தில் மறுபடியும் கறுப்புக் களிம்பு. சீல் வைத்து மூடப்பட்ட சாதாரண ஷாக்குகளைப் பிரித்துச் சரிசெய்வதற்குக் கொடுக்கும் பணம், தண்டு பழுதற்றிருந்தாலொழிய வீண் என்பதே என் உறுதியான கருத்து.

அதன் பிறகு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டில் கேப்ரியல் நிறுவனத்தின் ஷாக்குகளை ஜோடியாக, பில்லுடன், இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். 1961-இல் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியாவுக்கு நம் ஓசூரிலும் தொழிற்சாலை உண்டு. கசிந்தது இடதுபக்கம் மட்டும்தானே, ஒன்று போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் புதியதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் இரு கரங்களும் வெவ்வேறு எதிர்ப்பைச் சந்திக்கும். வளைவில் வண்டி ஒருபக்கம் இழுப்பதுபோல் தோன்றும். எனவே ஜோடியாக மாற்றுவதுதான் முறை. அதே கடையில் பக்கவாட்டில் சிறு உருளை பொருத்திய, பார்வைக்குப் பகட்டான, பெயர் தெரியாத ஷாக்குகளும் இருந்தன, விலை குறைவுதான். அவற்றின் நீளம் என் வண்டிக்குரியதைவிடக் கூடுதலாக இருந்ததால் தொடவில்லை. நீளம் மாறினால் செயினின் தளர்வு, சைடு ஸ்டாண்டில் வண்டி சாயும் கோணம், ஹெட்லைட் விழும் இடம் எல்லாமே மாறும். ஷாக்கை வண்டியில் மாட்டும் மேல் வளையத்தின் மையத்திலிருந்து கீழ் வளையத்தின் மையம் வரை பழையதையும் புதியதையும் அளந்து ஒப்பிட்ட பிறகே பெட்டியை எடுத்து வந்தேன்.

பொருத்தும் வேலையைத் தெருமுனை மெக்கானிக் அரை மணி நேரத்தில் முடித்தார். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டிய பிறகே மறுபக்கத்தைத் தொட்டார். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் சக்கரம் கீழே தொங்கிவிடும். மேல் போல்ட்டின் மரை துருப்பிடித்திருந்ததால் அதைத் துலக்கி, மெல்லிதாக கிரீஸ் தடவி, நட்டுகளைப் புதிதாகப் போட்டோம். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, நான் மேலே உட்கார்ந்த பிறகுதான் நட்டுகளை முழுமையாக இறுக்கச் சொன்னேன். தொங்கும் நிலையில் இறுக்கினால் வளையத்திலுள்ள ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழியும்.

என் வண்டியில் சேலை கார்டின் ஒரு முனை இடது ஷாக்கின் நட்டோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அது இல்லாமலும் ஓட்டலாம் என்றார் மெக்கானிக். நான் ஒப்பவில்லை. பின்னால் உட்காருபவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. விதி இருக்கட்டும், பின்னால் உட்காருபவர் என் தாய். ஷாக் மாற்றும்போது கழற்றிய சேலை கார்டைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

கழற்றிய பழைய ஷாக்கைத் தரையில் நிறுத்தி, உடல் எடையை அதன்மேல் சாய்த்து விட்டுப் பார்த்தேன்; கையைத் தட்டிவிடுவதுபோல் சட்டென்று எழும்பியது. புதியது அழுத்தத்துக்கு இறங்கி, நிதானமாக மேலே வந்து நின்றது. சாலையிலும் அதே வேறுபாடுதான். முதல் சில நாள்கள் இருக்கை சற்று விறைப்பாகத் தெரிந்தது. தனியாகச் செல்பவருக்கு அது கொஞ்சம் உறுத்தலாம். இருவர் ஏறியபோது வேகத்தடையைத் தாண்டி ஒரே அசைவில் வண்டி அடங்கியது. குழியில் பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் தத்துவதும் நின்றது. வடகிழக்குப் பருவமழையில் ரேடியல் சாலையின் தேங்கிய நீருக்குள் பல நாள் ஓட்டியும், ஏழாவது மாதத்தில் வெள்ளைத் துணியால் கீழ்க்குழாயைத் துடைத்தபோது துணியில் புழுதி மட்டுமே வந்தது.

பின்டயரில் முன்பே விழுந்துவிட்ட மேடுபள்ளமான தேய்மானத்தைப் புதிய ஷாக் சரிசெய்யாது. அந்தத் தேய்மானத்தால் எழும் உறுமல் டயரை மாற்றும் வரை இருக்கத்தான் செய்தது. அதை ஷாக்கின் குறையாக எண்ணி யாரும் கடைக்குத் திரும்ப வேண்டாம்.

படி வளையத்தை இருபுறமும் ஒரே அளவில், அம்மா ஏறும் நாள்களில் மூன்றாம் படியிலும் மற்ற நாள்களில் இரண்டாம் படியிலும் வைக்கிறேன். முதல் 500 கிலோமீட்டருக்குப் பிறகு நான்கு நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். என் வண்டியில் வலதுபக்கக் கீழ் நட்டு கால் சுற்று தளர்ந்திருந்தது.